கறை இருக்கிறதா, இல்லையா

சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் வெள்ளைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நிறத்தைப் பார்த்து வைத்த பேர் இல்லை. அந்த விஷயத்தில் அவருக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் விரிப்புகளைப் பளிச்சென்று வெளுத்துக் கொடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வந்த பேர். ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டு, எந்த இயந்திரத்தில் எப்போது காரத்தைப் போடுவது, கடைசி அலசலில் எவ்வளவு புளிப்பை ஊற்றுவது என்று தீர்மானிக்கிறவர் அவர்தான்.

காரம், புளிப்பு என்றதும் சமையற்கட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். காரம் என்பது அழுக்கை அரித்தெடுக்கும் சோடாத் தூள். வெறுங்கையால் தொட்டால் தோலையும் சேர்த்து அரித்துவிடும். துவைத்த துணியில் அது மிச்சமிருந்தால் இஸ்திரிச் சூட்டில் துணி மஞ்சளாகும். அதை அடக்குவதற்காகக் கடைசி அலசலில் கொஞ்சம் லேசான அமிலம் விடுவார்கள். அதற்குப் பேர் புளிப்பு. ஈரத் துணியில் சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டால், காரம் மிச்சமிருக்கிற இடம் ரோஜா நிறமாகும். புளிப்பை ஊற்றினால் அந்த நிறம் ஓடிப்போகும். காரத்துக்குப் புளிப்பு என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். வெள்ளைக்காரரின் கை அதை யோசிக்காமல் செய்யும். பிற்பாடு அவர் வெறுத்ததும் அந்தக் கையைத்தான்.

அவருடைய மனைவிக்கும் அதே கூடத்தில்தான் வேலை. மறுகோடியில், குழல்விளக்குகளுக்குக் கீழே போட்டிருக்கும் நீள மேசையில் துணிகளை விரித்துப் பார்த்து, கறை போகாததைத் திருப்பி அனுப்புவது அவள் பொறுப்பு. நாலு பேர் பார்த்து ஒன்றுமில்லை என்று மடித்து வைத்த துணியை அவள் உதறி, ஒரு விரலை வைத்து, "இதோ" என்பாள். அந்த நாலு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் மெல்லிய நிழல் மாதிரி ஒன்று தெரியும். அவளுக்கு வைத்த பேர் கழுகு. சின்னவர்களுக்குக் கழுகக்கா. அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

வீட்டில் ஒற்றுமையான புருஷன் பெண்டாட்டி, கூடத்தில் எலியும் பூனையும். திருப்பி அனுப்பும் துணியை அவள் வேறு யார் கையிலும் கொடுத்து அனுப்ப மாட்டாள். தானே தூக்கிக்கொண்டு ஈரத் தரையைத் தாண்டி வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டுவாள். அவர் கறையே இல்லை என்பார். அவள் இருக்கிறது என்பாள். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் துணி மறுபடியும் தண்ணீருக்குள் போகும், அவர் முனகிக்கொண்டே இயந்திரத்தைத் திருகுவார்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள். கையில் ஒரு ஓட்டலின் மேசைவிரிப்பு. அவர் வாளியில் காரம் கரைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு இயந்திரம் மக்கர் பண்ணியதில் அவருக்கு ஏற்கனவே எரிச்சல். அவள் விரிப்பைப் பிரித்துக் காட்டினாள். அவர் கண்ணுக்கு அது வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கறை துணியில இல்ல, உன் கண்ணுல இருக்கு" என்றார்.

சொன்ன வாய் மூடவில்லை. தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற மனிதர், வாளியின் அடியில் தூள் கிடக்கிறதைக் கவனிக்காமல் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அவள் கறை இருக்கும் இடத்தை வெளிச்சத்தில் காட்டுவதற்காக வாளியின் பக்கம் குனிந்திருந்தாள். வாளி குபுக்கென்று பொங்கிச் சீறியது. அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு போட்ட சத்தத்தில் கூடமே நின்றுவிட்டது. கண்ணுக்குப் போடுகிற காப்புக் கண்ணாடிகள் எல்லாம் ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதிவிடலாம். அது பொய். கை ஓடியது. கடைசி அலசலுக்காகக் கலந்து வைத்திருந்த புளிப்பை ஒரு குவளையில் மொண்டு, அவள் கையை விலக்கி, கண்ணிலேயே ஊற்றினார். காரத்துக்குப் புளிப்பு. அவள் முன்னைவிட உரக்கக் கத்தினாள். அவர் இன்னொரு குவளை மொள்ளத் திரும்பினபோது பாய்லர் அறையிலிருந்து மச்சினன் ஓடிவந்தான். அவளுடைய தம்பி. மாமாவைக் கிண்டல் செய்வதே அவனுக்குப் பொழுதுபோக்கு.

"என்ன மாமா ஊத்துறீங்க? அது எங்கக்கா கண்ணு, மேசைவிரிப்பு இல்ல."

அவன் குவளையைத் தட்டிவிட்டு அக்காவைத் தரதரவென்று இழுத்துப்போய், தரை கழுவும் ரப்பர் குழாயை மெதுவாகத் திறந்துவிட்டு, இமைகளை இரண்டு விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீர் விட்டான். அவள் திமிறினாள், உதைத்தாள், அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் விடவில்லை. துணி ஏற்றும் வண்டி வாசலுக்கு வந்ததும், கீழே கிடந்த அந்த மேசைவிரிப்பையே அலசிப் பிழிந்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்தி ஏற்றினார்கள். வழி நெடுக அவன் கேனிலிருந்து கண்ணில் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டே வந்தான். கிண்டல்காரன் ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளைக்காரருக்கு அதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

கண் ஆஸ்பத்திரியில் யாரும் பேர், ஊர் விசாரிக்கவில்லை. காரம் பட்டது என்று சொன்னதுமே படுக்க வைத்து, மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, உப்புநீர்ப் பாட்டிலிலிருந்து குழாய் வழியாகக் கண்ணுக்குள் ஓட விட்டார்கள். டாக்டரம்மா சின்ன உருவம், நிதானமான பேச்சு. ஒரு பாட்டில் தீர்ந்ததும் இமைக்குள் ஒரு துண்டுக் காகிதத்தைத் தொட்டு எடுத்துப் பார்த்தார். காகிதம் நீலமாக மாறியிருந்தது. வெள்ளைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய ரோஜா நிறச் சொட்டுக்கு இது அண்ணன் தம்பி. இன்னும் காரம் போகவில்லை.

இன்னொரு பாட்டில். காகிதம் மறுபடியும் நீலம். விரிப்பு என்றால் எங்கோ மடிப்பில் தூள் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லலாமா, சொன்னால் அதிகப்பிரசங்கித்தனமாகிவிடுமா என்று அவர் மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா மேல் இமையை ஒரு குச்சியில் அழகாகப் புரட்டிப்போட்டு, பஞ்சால் உள்ளே துழாவி, வெள்ளையாக ஒரு துணுக்கை எடுத்தார். அதற்குப் பிறகு ஓடின தண்ணீரில்தான் காகிதம் நீலமாவதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. மச்சினன் அப்போதுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, காரம் பட்டதும் கண்ணில் வேறு ஏதாவது போட்டீர்களா, ஊற்றினீர்களா என்று கேட்டார்.

"தண்ணி மட்டுந்தான் டாக்டர்" என்றாள் படுத்திருந்தவள், கண்ணை மூடிக்கொண்டே.

மச்சினன் தரையைப் பார்த்தான். வெள்ளைக்காரர் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பெண்டாட்டியே பழியைத் துடைத்துப் போட்டுவிட்டாள், இனி யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்த ஒரு குவளை இல்லாததுபோல நினைத்துக்கொண்டு தப்பான மருந்து கொடுத்துவிட்டால்? அந்தப் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"இல்ல டாக்டர். நான் புளிப்பு ஊத்தினேன். அமிலம். லேசானதுதான். ஒரு குவளை."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். துணியில் செய்கிற வைத்தியத்தைக் கண்ணில் செய்யக் கூடாது, ரெண்டும் சேர்ந்தால் சூடு கிளம்பும், பட்ட கண்ணே இன்னும் படும், எது பட்டாலும் தண்ணீர் ஒன்றுதான், உடனே, நிறைய என்று சொன்னார். அந்தக் குவளையால் கெடுதல் கூடியிருக்குமா என்று வெள்ளைக்காரர் கேட்டார். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்து, "தெரியாதுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அது முன்னால் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியிலேயே, வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே இன்னொரு அடி விழுந்திருந்தது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் டாக்டரம்மா பார்த்து முடித்ததும், வெள்ளைக்காரரும் எட்டிப் பார்த்தார். விழியின் மேல்பாதி ரத்தச் சிவப்பு. கீழே, கருவிழியின் ஓரத்தை ஒட்டி, மூன்றில் ஒரு பங்கு இடம் சுத்த வெள்ளை. வாழ்நாள் முழுக்க வெள்ளையைத் தேடின மனிதர். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கீழ்ப்பக்கம் நல்லா வெள்ளையா இருக்கே டாக்டர். அங்க ஒண்ணும் படல, இல்லியா?"

டாக்டரம்மா அவரைப் பார்த்த பார்வையிலேயே ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று தெரிந்துவிட்டது.

"அங்கதாங்க அதிகமாப் பட்டிருக்கு. செவப்பா இருக்கற எடத்துல ரத்தம் ஓடுது. வெள்ளையா இருக்கற எடத்துல ரத்தக் குழாய் கருகிப்போச்சு. கருவிழிக்குப் புதுத் தோல் அந்த ஓரத்துலேர்ந்துதான் வளந்து வரணும். அந்த எடம் செவந்தாத்தான் நமக்கு நல்லது."

அவர் மறுபடியும் குனிந்து அந்த வெள்ளையைப் பார்த்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் சொட்டு மருந்துதான். கிருமி வராமல் இருக்க ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று, கண்மணியை விரித்து வலியைக் குறைக்க ஒன்று, காய்ந்துபோகாமல் இருக்க ஒன்று. போதாததற்கு வாயில் போடும் புளிப்பு மாத்திரை வேறு. அது புண் ஆறுவதற்கான வைட்டமின் என்றார்கள். அதை முதன்முதலாகக் கையில் வாங்கினபோது அவருக்கே அழுகையா சிரிப்பா என்று தெரியாத மாதிரி ஒன்று வந்தது. ஊற்றினால் கெடுதல், விழுங்கினால் நல்லதா என்று அவள் கேட்டாள். மருந்து விடும்போது அவர் சொட்டைக் குறி தவறிக் கன்னத்தில் விட்டுவிடுவார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, இப்போது விடுங்கள் என்பாள்.

கண்ணைப் பரிசோதிக்கப் போகும்போதெல்லாம் டாக்டரம்மா ஒரு மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு நீல விளக்கில் பார்ப்பார். தோல் போன இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். ஊரார் துணியில் கறை தேடினவள் கண்ணில் இப்போது கறை தேடுகிறார்கள் என்று மச்சினன் ஒருமுறை சொன்னான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை; அவனுக்கும்தான். பச்சை இடம் சுருங்காமல் அடம் பிடித்தால் பிரசவத்தில் குழந்தையைச் சுற்றி வரும் மெல்லிய சவ்வைப் பதப்படுத்தி எடுத்து விழியின் மேல் போர்த்தித் தைப்போம், அதற்கும் தயாராக இருங்கள் என்றார் டாக்டரம்மா. அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது மட்டும் அவர் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வேலைக்குப் போனாலும் அவருக்கு வேலை ஓடவில்லை. இயந்திரத்திலிருந்து விரிப்புகள் பளீரென்று வெளியே வரும்போது முன்பெல்லாம் ஒரு தெம்பு வரும். இப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டே அவற்றை இழுத்துப் போட்டார். வெள்ளை என்றாலே ரத்தம் ஓடாத இடம் என்று ஆகிவிட்டது. குழல்விளக்குகளுக்குக் கீழே வேறு ஒருத்தி நின்று துணி பார்த்தாள். பாவம், நல்ல பெண். ஒரு துணியும் திரும்பி வருவதில்லை. ஈரத் தரையைத் தாண்டி யாரும் சண்டைக்கு வராத கூடத்தில் நிற்பது அவருக்குத் தாங்கவில்லை.

காலையில் எழுந்ததும் முதல் வேலை, அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, கீழ் இமையை விலக்கி, அந்த வெள்ளைப் பிறையைப் பார்ப்பது. கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். ஒன்றும் மாறியிருக்காது. அவள் கேட்க மாட்டாள். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். ஒருநாள் அவள் எதையோ பேச வேண்டுமே என்று அந்த மேசைவிரிப்பைக் கொண்டுவரச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து அது அவர்களோடேயே வீட்டுக்கு வந்திருந்தது. அவர் அதை அலசிக் காயப்போட்டு மடித்து வைத்திருந்தார். நல்ல கண்ணால் பார்த்து, ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"அன்னைக்கு நான் காட்ட வந்தது இதுதான். இருக்கா, இல்லியா?"

அவர் குனிந்து பார்த்தார். சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை. இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. பாவம் பார்த்துச் சொல்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவாள். "எனக்குத் தெரியலம்மா" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் காரம் பட்டதைவிட அது அவளுக்குக் கோபம் போலிருந்தது. அவள் உள்ளே போனதும் அவர் ஒரு காரியம் செய்தார். ஓட்டலின் முத்திரை தைத்திருந்த மூலையிலிருந்து, அவள் விரல் வைத்த இடம் வரைக்கும், நீளத்தில் எத்தனை சாண், அகலத்தில் எத்தனை சாண் என்று அளந்து மனதில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

பிறகு ஒரு காலையில், வழக்கம்போல ஜன்னலோரம், வழக்கம்போலக் கீழ் இமையை விலக்கினார். வெள்ளைப் பிறையின் குறுக்கே நூல் மாதிரி ஒரு சிவப்பு ஓடியிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒன்று இல்லை, பக்கத்தில் இன்னும் ஒன்று. அவர் கை இமையிலிருந்து நழுவியது.

"என்ன, இன்னும் வெளுத்திருக்கா?" என்றாள் அவள். முதல் தடவையாகக் கேட்கிறாள்.

"இல்ல. செவந்திருக்கு" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, முகத்தை அவள் மடியில் புதைத்துக்கொண்டு விம்மினார்.

டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். ஓரத்தில் ரத்தம் திரும்புகிறது, பச்சை இடம் சுருங்குகிறது, சவ்வு வைக்க வேண்டியிருக்காது. அப்புறம் ஒருநாள் சாயம் எங்குமே ஒட்டவில்லை. எழுத்துப் பலகையில் இடது கண்ணால் கடைசி வரிசைக்கு முந்தின வரிசை வரைக்கும் வாசித்தாள். கொஞ்சம் புகைமூட்டம் இருக்கும், அது எவ்வளவு விலகும் என்று இப்போது சொல்ல முடியாது, கண்ணின் அழுத்தத்தை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். மச்சினன் தெருவுக்கே சாக்லேட் வாங்கிக் கொடுத்தான்.

புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் உண்மையில் சந்தோஷப்படவில்லை. வெள்ளைப் பலகையில் கன்னங்கரேலென்று எழுதின எழுத்தை யார்தான் வாசிக்க மாட்டார்கள்? வெள்ளையில் நிழல் மாதிரி கிடக்கிற கறையைப் பார்க்கிற கண் அது. அது வந்ததா? அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு எதையும் பார்க்காமல், வீட்டுத் துணிகளைக்கூட உதறாமல் மடித்து வைத்தாள். பயப்படுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவரும் பயந்தார்.

ஒரு மத்தியானம், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, அவர் மேசைவிரிப்பை எடுத்து வந்து விரித்தார். எந்தப் பக்கம் எது என்று தெரியாதபடி சுற்றித் திருப்பி, முத்திரை இருந்த மூலையை மேசைக்கு அடியில் மடித்து மறைத்தார். அவள் என்ன இது என்று கேட்கவில்லை. வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

இடது கண்ணில் தண்ணீர் கோத்தது. துடைத்துக்கொண்டாள். ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், மேசையில் பார்க்கிற மாதிரியே. பாதி தூரம் வந்தாள். முக்கால் தூரம் வந்தாள். நிற்கவில்லை. போதும், விடு, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அவள் கடைசி ஓரம் வரைக்கும் போய், தலையைச் சாய்த்து, கொஞ்சம் திரும்பி வந்து, விரலைக் கீழே வைத்தாள்.

"இங்க."

அவர் மறைத்து வைத்த மூலையை வெளியே இழுத்தார். கையை விரித்து அளந்தார். நீளத்தில் சரியாக வந்தது. அகலத்தில் அளக்கும்போது அவசரத்தில் சாண் பிசகி, மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. கடைசிச் சாணின் சுண்டுவிரல் அவள் விரலில் போய் இடித்தது.

அவள் வலது கண்ணிலிருந்து கையை எடுக்காமலே அவரைப் பார்த்தாள். ஒற்றைக் கண், ஓரத்தில் இன்னும் சிவப்பு.

"இப்பவாவது சொல்லுங்க. கறை இருக்கா, இல்லியா?"

அவர் அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். அவர் கண்ணுக்கு இன்னமும் வெள்ளைத் துணிதான் தெரிந்தது.

"இருக்கு" என்றார்.